பின்பக்கம் பாத்தியா?

ஹோம் தியேட்டர் ரிசீவர் (டிவி, பிளேயர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் இணைத்து ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டி) வாங்கப் போகிறேன் என்று சொன்னபோது, இதில் ஏற்கெனவே கையைச் சுட்டுக்கொண்ட நண்பர் ஒருவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பின்பக்கம் பாத்தியா?" பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். பொய். நான் பார்த்ததெல்லாம் முன்பக்கம்தான். உள்ளங்கை அளவுக்கு வால்யூம் குமிழ், நீல எழுத்தில் ஒளிரும் திரை, அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் "சேனலுக்கு 150 வாட்". அந்த 150-ஐ நம்பித்தான் வாங்கினேன். அதன் பிறகு ஒரு வருடம் நான் பட்ட பாட்டில் ஒன்றுகூட அந்த 150-ஆல் வரவும் இல்லை, தீரவும் இல்லை. எல்லாமே பின்பக்கத்து விவகாரம்.

முதலில் வாட் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் ஏமாறாதவர்கள் குறைவு. வாங்கி வந்த பிறகு கையேட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினால் பொடி எழுத்தில் இருக்கிறது: 6 ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை), 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீதச் சிதைவு, ஒரு சேனல் மட்டும் இயங்கும்போது 150 வாட். அதாவது ஏழு சேனலில் (ஒரு ஸ்பீக்கருக்கு ஒரு சேனல்) ஆறின் வாயைக் கட்டிவிட்டு, மிச்சமிருக்கும் ஒன்றில் ஒற்றை ஸ்வரத்தைக் கொடுத்து, அது கரகரவென்று உடைகிற வரைக்கும் திருகினால் வருகிற எண். படம் பார்க்கிறவன் யாரும் அப்படிக் கேட்பதில்லை. அதே பக்கத்தில் இரண்டு வரி மேலே இன்னொரு எண் இருந்தது: 8 ஓம், 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.08 சதவீதச் சிதைவு, இரண்டு சேனல் இயங்கும்போது 80 வாட். ஒரு ரிசீவரை இன்னொன்றோடு ஒப்பிட இந்த எண்தான் உதவும். கடையில் பக்கத்திலேயே "100 வாட்" என்று போட்ட ஒன்று இருந்தது, 150-க்கு முன்னால் அது என்ன என்று ஒதுக்கிவிட்டு வந்தேன். அது இந்த இரண்டாவது முறையில் அளந்த 100. என்னுடையதைவிடப் பெரிய ஆள் அதுதான்.

அதற்காக நான் பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை என்பது இன்னொரு வேடிக்கை. வாட் இரட்டிப்பானால் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான். 80 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் 1 டெசிபல்கூடத் தேறாது, காதுக்குத் தெரியவே தெரியாது. ஸ்பீக்கரின் உணர்திறன் எண் இதைவிட முக்கியம். என்னுடையது 87 டெசிபல், அதாவது 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 87. சோபா 3 மீட்டர் தள்ளி இருக்கிறது, திறந்த வெளியாக இருந்தால் 9, 10 டெசிபல் குறையும், அறைக்குள் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் அவ்வளவுகூடக் குறையாது. ஆக 1 வாட்டிலேயே சாதாரணப் பேச்சுக்குரலைவிட நல்ல சத்தமாகக் கேட்கும். வெடிச் சத்தம், இடி, கதவை அறைகிற சத்தம், இந்த மாதிரி திடீர் எழுச்சிகளுக்குத்தான் மிச்ச வாட் எல்லாம். 20 டெசிபல் எழும்ப நூறு மடங்கு வாட் வேண்டும். அதே 80 வாட்டில் 90 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கரை வைத்தால் ஆம்ப்ளிஃபையரை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். எனவே ஸ்பீக்கரை முதலில் முடிவு செய்யுங்கள், ரிசீவர் அதற்குப் பின்னால் வரட்டும். ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் மட்டும், ரிசீவரின் பின்னால் குறைந்தபட்சம் எத்தனை ஓம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சரி, பின்பக்கத்துக்கு வருவோம்.

என் ரிசீவரில் படமும் சத்தமும் சேர்ந்து வருகிற ஹெச்டிஎம்ஐ நுழைவாய்கள் ஆறு. ஆறு என்றால் தாராளம் என்று நினைத்தேன். ஆறும் ஒரே ரகம் இல்லை என்பது வீட்டில்தான் தெரிந்தது. ஒன்றே ஒன்றுதான் புது ரகம், மற்ற ஐந்தும் பழைய, நொடிக்கு 18 ஜிகாபிட் வேகம். படம் பார்க்க அந்த 18 போதும். கேம் கன்சோலில் 4கே படத்தை நொடிக்கு 120 ஃபிரேம் வேகத்தில் ஓட்டத்தான் போதாது. நானோ அந்த ஒரே நல்ல வாயில் டிஸ்க் பிளேயரைச் செருகிவிட்டு, கன்சோல் ஏன் 60-க்கு மேல் ஏறவில்லை என்று இரண்டு இரவு அதன் மெனுவைக் குடைந்துகொண்டிருந்தேன். ஹெச்டிஎம்ஐ 2.1 என்று எழுதியிருந்தாலே முழு 48 ஜிகாபிட்டும் வரும் என்று பொருளில்லை. 40 தருவதும் உண்டு, 24-உடன் நிற்பதும் உண்டு. பதிப்பு எண்ணை விடுங்கள், அந்தக் குறிப்பிட்ட வாயில் என்னென்ன ஓடும் என்ற அட்டவணையைப் பாருங்கள். இன்னொன்று, டிவியிலும் ஒவ்வொரு ஹெச்டிஎம்ஐ வாய்க்கும் தனித்தனியாக உயர்தர சிக்னலை அனுமதிக்கிற ஒரு செட்டிங் இருக்கும், அது அணைந்திருந்தால் நீங்கள் இந்தப் பக்கம் என்ன செய்தாலும் வேலைக்கு ஆகாது. பழைய ரிசீவரைக் கைமாற்றி வாங்குகிறவர்கள் ஹெச்டிசிபி 2.2 (படத்தை நகலெடுக்க விடாத பூட்டு) இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். அது இல்லையென்றால் ஒன்று, 4கே படம் 1080 தரத்துக்கு இறங்கிவிடும், இல்லையென்றால் திரை கறுப்பாகிவிடும்.

கடைசியில் கன்சோலை நேராக டிவியில் செருகிவிட்டேன். சத்தம் மட்டும் டிவியிலிருந்து ரிசீவருக்குத் திரும்பி வருகிறது. இதற்குத்தான் ஆர்க், இ-ஆர்க் என்று இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஆர்க் 2009-இல் ஹெச்டிஎம்ஐ 1.4-உடன் வந்தது, இ-ஆர்க் 2017-இல் 2.1-உடன். இதைப் பற்றி எனக்கு முன்பே தெரிந்திருந்தால் ஆறு வாய் வேண்டும், ஏழு வாய் வேண்டும் என்று அலைந்திருக்க மாட்டேன், டிவியும் ரிசீவரும் இரண்டுமே இ-ஆர்க் என்றால் வாய்களின் எண்ணிக்கை பெரிய பிரச்சினையே இல்லை, எதை எங்கே செருகினாலும் சத்தம் வந்து சேரும். பழைய ஆர்க் மட்டும்தான் என்றால், ஸ்ட்ரீமிங் செயலிகள் தருகிற அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரச் செய்யும் ஒலி) டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கிய வடிவில் வருவதால் பெரும்பாலும் அது கடந்து வந்துவிடும். டிஸ்க்கில் இருக்கிற, தரம் குறையாத ட்ரூஹெச்டி வடிவம் வராது, அது பெரிய மூட்டை. டிஸ்க் பிளேயர் வைத்திருப்பவர்கள் அதை ரிசீவரில் நேராகச் செருகுவதே உத்தமம். சில டிவிகள் டிடிஎஸ் என்ற இன்னொரு வடிவச் சத்தத்தை அந்தப் பக்கம் அனுப்புவதே இல்லை, அதற்கும் இதுதான் வழி. சத்தத்தை மட்டும் கொண்டுபோகும் பழைய ஆப்டிகல் கேபிளை மறந்துவிடுங்கள், அட்மாஸ் அதில் ஏறாது.

டிவியில் ஒரே ஒரு ஹெச்டிஎம்ஐ வாய்க்குத்தான் பக்கத்தில் ஆர்க் அல்லது இ-ஆர்க் என்று போட்டிருக்கும். ரிசீவரிலும் அப்படித்தான், உள்ளே வருகிற வாய் அல்ல, டிவிக்குப் போகிற வாய். இந்த இரண்டு வாய்களையும் ஒரே கேபிளால் இணைக்க வேண்டும். சின்ன விஷயம்தான், ஆனால் டிவியைச் சுவரில் மாட்டிவிட்டால் அந்த எழுத்தைப் படிக்கக் கண்ணாடியும் டார்ச்சும் வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில்தான் என் பெரிய கூத்து. ரிசீவர் ஒரு சுவரோரம், டிவி எதிர்ச் சுவரில், நடுவில் குழாய் வழியாக 12 மீட்டர். அவ்வளவு தூரத்துக்குச் சாதாரணச் செம்புக் கேபிளில் 4கே தடுமாறும் என்பதால் ஃபைபர் ஹெச்டிஎம்ஐ கேபிள் வாங்கினேன். நல்ல முடிவுதான். கம்பியில் கட்டி, குழாயில் நுழைத்து, ஒருவர் இந்தப் பக்கம் தள்ள ஒருவர் அந்தப் பக்கம் இழுக்க, ஒரு மதியம் முழுக்க உழைத்து முனையை வெளியே எடுத்தோம். செருகினால் திரையில் ஒன்றுமில்லை. டிவியை அணைத்துப் போட்டேன், ரிசீவரை அணைத்துப் போட்டேன், எல்லா செட்டிங்கையும் மாற்றிப் பார்த்தேன். அப்புறம்தான் டிவி பக்கத்து முனையில் சின்னதாக "சோர்ஸ்" என்று எழுதியிருப்பது கண்ணில் பட்டது. ஃபைபர் கேபிளுக்குத் திசை உண்டு. ஒரு முனையில் மின்சிக்னலை ஒளியாக்கும் சில்லு, மறு முனையில் ஒளியைத் திரும்ப மின்சிக்னலாக்கும் சில்லு. தலைகீழாகப் போட்டால் வேலை செய்யாது. "சோர்ஸ்" ரிசீவர் பக்கம், "டிஸ்ப்ளே" டிவி பக்கம். மறுநாள் மதியமும் அதே இழுப்பு. இந்த முறை கேபிளோடு ஒரு நைலான் நூலையும் சேர்த்து இழுத்துக் குழாயிலேயே விட்டு வைத்திருக்கிறேன், இனிமேல் எதை இழுக்க வேண்டுமானாலும் கம்பி தேட வேண்டாம். குழாயில் நுழைப்பதற்கு முன் கேபிளைத் தரையில் போட்டு, இரண்டு பக்கமும் செருகி, படமும் வருகிறது, இ-ஆர்க் வழியே சத்தமும் திரும்புகிறது என்று பார்த்துவிடுங்கள். எல்லா ஃபைபர் கேபிளிலும் திரும்பும் சத்தம் வந்துவிடாது.

ஸ்பீக்கர் ஒயர் அவ்வளவு தலைவலி இல்லை. 16 கேஜ் ஒயரில் 10 மீட்டர் தூரத்துக்குப் போக வர 20 மீட்டர், மொத்தத் தடை கால் ஓம் அளவுதான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது தாராளம். 4 ஓம் என்றாலோ இன்னும் நீளம் என்றாலோ 14 கேஜ். எண் குறைந்தால் ஒயர் தடிமன் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தங்க முலாம், பாம்பு மாதிரி தடிமன் என்று விற்கிற ஒயர்களைப் பற்றி நான் வாயைத் திறந்தால் நிறைய பேருக்கு வருத்தம் வரும், விட்டுவிடுகிறேன்.

ஆனால் செருகும்போது கவனம் வேண்டும். முதல் நாள் ரிசீவரைப் போட்டதும் டிக் என்று ஒரு சத்தம், சிவப்பு விளக்கு மினுக்கியது, அணைந்துவிட்டது. எரிந்தே போய்விட்டது என்று நினைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பார்த்தால், முடி அளவு ஒரு செம்பு இழை சிவப்பு முனையிலிருந்து பிரிந்து பக்கத்துக் கறுப்பு முனையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ரிசீவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அணைந்திருக்கிறது. இழைகளை நன்றாக முறுக்கி, முடிந்தால் பனானா பிளக் (ஒயர் முனையில் மாட்டும் உலோகச் செருகி) போட்டுச் செருகினால் இந்தப் பயம் இல்லை. ஒயரில் கை வைக்கும்போதெல்லாம் மின்சாரப் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள், ரிமோட்டில் அணைத்தது போதாது.

அடுத்தது, பக்கவாட்டு ஸ்பீக்கர் இரண்டையும் சோபாவுக்குச் சற்றுப் பின்னால் வைத்திருந்தேன். பின்னால்தானே இருக்கிறது என்று ரிசீவரில் "சரவுண்ட் பேக்" என்ற முனைகளில் மாட்டினேன். மைக் வைத்து அளவெடுக்கப் போனால் "சரவுண்ட் ஸ்பீக்கர் இல்லை" என்று அது பிடிவாதம் பிடிக்கிறது. 5.1 அமைப்பில் (ஐந்து ஸ்பீக்கர், ஆழமான சத்தத்துக்கு ஒரு ஸப்வூஃபர்) அந்த இரண்டும் "சரவுண்ட்" முனைக்குத்தான் போக வேண்டும், எவ்வளவு பின்னால் இருந்தாலும் சரி. ஏழு சேனலுக்குப் போனால்தான் "பேக்" முனைகளுக்கு வேலை. கூரைப் பக்கம் ஸ்பீக்கர் வைத்து 5.1.2 செய்கிறவர்களுக்குப் பல ரிசீவர்களில் இதே முனைகளைத்தான் மெனுவில் உயர ஸ்பீக்கராக ஒதுக்க வேண்டியிருக்கும். வைக்கிற இடத்துக்கு ஐடியூவின் (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரை ஒன்று இருக்கிறது: உட்காருபவரின் முகத்துக்கு நேரே பூஜ்யம் என்றால் முன் ஸ்பீக்கர்கள் இருபுறமும் 30 டிகிரி, சரவுண்ட் 100-லிருந்து 120 டிகிரிக்குள். அதாவது காதுக்குச் சற்றே பின்னால். என்னுடையது 150 இருந்தது, அரை மீட்டர் முன்னால் நகர்த்தினேன்.

ஒரு ஸ்பீக்கரில் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிப் போட்டதும் நடந்தது. இதில் எதுவும் எரியாது, அதனாலேயே கண்டுபிடிப்பது கஷ்டம். குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் மிதக்கும், ஆழமான சத்தம் காணாமல் போகும். ஒயரின் ஒரு பக்கத்தில் கோடோ எழுத்தோ இருக்கும், அதைச் சிவப்புக்கு என்று முடிவு செய்துகொண்டு கடைசி வரை மாறாமல் இருந்தால் போதும்.

இதையெல்லாம் முடித்து, எல்லா ஸ்பீக்கரிலும் சத்தம் வர, இரண்டு மாதம் சுகமாகப் படம் பார்த்தேன். ஒரு நாள் ரிமோட்டில் தவறுதலாகத் தகவல் பொத்தான் அழுந்தியது. உள்ளே வருகிற சத்தம்: பிசிஎம், 2 சேனல். இரண்டு மாதமும் வெறும் ஸ்டீரியோவைத்தான் ரிசீவர் தானாகப் பிரித்து எல்லாப் பக்கமும் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறது! நான் அதைக் கேட்டு, என்ன துல்லியம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டியிருக்கிறேன். காரணம் டிவியில், சத்த வெளியீடு "பிசிஎம்" என்று இருந்தது, அதாவது டிவியே சத்தத்தை ஸ்டீரியோவாக்கி அனுப்பியிருக்கிறது. அதை "பாஸ்த்ரூ" (வந்ததை அப்படியே அனுப்பு) என்று மாற்றியதும் அதே படம் அட்மாஸ் என்று வந்தது. சில டிவிகளில் இதற்கு "ஆட்டோ" என்றோ "பிட்ஸ்ட்ரீம்" என்றோ பெயர். டிஸ்க் பிளேயரிலும் பிட்ஸ்ட்ரீம் என்று வைத்து, மெனு ஒலிகளைக் கலக்கும் செட்டிங்கை அணைத்துவிடுங்கள். இதில் காதை நம்பாதீர்கள், தகவல் திரையை நம்புங்கள்.

ஸப்வூஃபருக்கு வருகிறேன். எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ளதை மட்டும் அது ஒலிக்க வேண்டும் என்று சொல்ல அதன் முதுகில் ஒரு குமிழ் இருக்கும். ரிசீவரில் 80 ஹெர்ட்ஸ் வைத்தேன், ஸப்வூஃபரிலும் 80 வைத்தேன், ஒத்துப்போகட்டுமே என்று. இரண்டு வடிகட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அந்த இடத்தில் சத்தமே ஒரு பள்ளமாகிவிட்டது. ஸப்வூஃபர் குமிழை அதிகபட்சத்துக்குத் திருப்பி வைக்க வேண்டும், அல்லது எல்எஃப்இ (ஸப்வூஃபர் தானாக வடிகட்டாத நிலை) என்று இருந்தால் அதில். வடிகட்டுகிற வேலை முழுக்க ரிசீவருடையது. ஸ்பீக்கர்களை மெனுவில் "ஸ்மால்" என்று வையுங்கள், கோபுரம் மாதிரி நின்றாலும் ஸ்மால்தான். அவமானம் ஒன்றுமில்லை, 80-க்குக் கீழே உள்ளதை ஸப்வூஃபருக்கு அனுப்பு என்று மட்டுமே அதற்குப் பொருள்.

அதை எங்கே வைப்பது என்பதற்கு நான் செய்தது பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு. ஸப்வூஃபரைத் தூக்கிச் சோபாவில் உட்கார வைத்து, கனமான சத்தம் உள்ள ஒரு பாட்டை ஓடவிட்டு, நான் தரையில் சுவரோரமாகத் தவழ்ந்து போனேன். ஓர் இடத்தில் குமுகுமு என்று ஊதிப் பெருக்கும், ஓர் இடத்தில் ஒன்றுமே இருக்காது, ஓர் இடத்தில் சீராக இருக்கும். அந்தச் சீரான இடத்தில் ஸப்வூஃபரை வைத்துவிட்டு நாம் சோபாவுக்குத் திரும்பினால் அதே சத்தம் இங்கே கேட்கும். எனக்கு மூலையிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி அமைந்தது.

பிறகு மைக் வைத்து, அறையில் சத்தம் எப்படிக் கேட்கிறது என்று ரிசீவரையே அளவெடுக்க வைப்பது. ஆடிஸி, டிராக், யமஹாவில் ஒய்பிஏஓ என்று பெயர் எதுவானாலும் விதி ஒன்றுதான்: மைக் காது உயரத்தில், ஸ்டாண்டில், பின்னால் மெத்தை உரசாமல், மின்விசிறியை அணைத்து, யாரும் பேசாமல். முதல் முறை மைக்கைச் சோபாத் தலையணைமேல் படுக்க வைத்து அளந்தேன், வந்த முடிவு கேட்கச் சகிக்கவில்லை. முடிந்ததும் தூரங்களைப் பார்த்தால் ஸப்வூஃபர் ஐந்தரை மீட்டர் என்றது, டேப் வைத்தால் நான்குதான். கையைக் கட்டிக்கொண்டு அப்படியே விடுங்கள். ஸப்வூஃபருக்குள் இருக்கும் மின்னணுச் சுற்று ஏற்படுத்துகிற தாமதத்தையும் அது தூரமாகக் கணக்கிட்டிருக்கிறது. நான் திருத்தினேன், பாஸ் தளர்ந்தது, மறுபடி பழையபடி வைத்தேன்.

ஸப்வூஃபரில் ஒரு உறுமல் இருந்தது, எந்நேரமும். எல்லாவற்றையும் ஒரே மின்பலகையில் செருகியும் போகவில்லை, டிவியின் ஆண்டெனா கேபிளைப் பிடுங்கியதும் நின்றது. வெளியிலிருந்து வருகிற அந்தக் கேபிளின் எர்த்தும் வீட்டு எர்த்தும் ஒத்துப்போகாததுதான் காரணம், கேபிளுக்கு நடுவே இரண்டு எர்த்தையும் பிரிக்கும் ஓர் ஐசொலேட்டர் போட்டேன். எர்த் முனையை உடைத்துவிட்டுச் செருகும் குறுக்கு வழி மட்டும் வேண்டாம், உயிருக்கு ஆபத்து.

ரிசீவரின் தலைமேல் டிஸ்க் பிளேயரை அடுக்கியிருந்தேன், கோடையில் ரிசீவர் சூடேறித் தானாக அணைந்தது. இப்போது மேலே ஒரு சாண் காலி.

இத்தனைக்கும் பிறகு மனைவியின் ஒரே புகார், "வசனம் கேக்கல, வெடி மட்டும் கேக்குது." அவள் சொன்னது சரிதான். நடு ஸ்பீக்கரை அலமாரிக்குள் ஆழமாகத் தள்ளி வைத்திருந்தேன், அலமாரிப் பலகையே குரலைக் கெடுத்துக்கொண்டிருந்தது. விளிம்புவரை முன்னால் இழுத்து, காதை நோக்கிச் சற்றே நிமிர்த்தி, அதன் அளவை 2 டெசிபல் ஏற்றினேன். இரவில் மட்டும் சத்த ஏற்ற இறக்கத்தைச் சுருக்குகிற செட்டிங்கையும் போட்டுக்கொள்கிறோம். புகார் நின்றது. பதிலுக்கு டிவி ரிமோட்டைப் போட்டால் கன்சோலும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும் புதுப் புகார் வந்தது. அது சிஇசி (ஹெச்டிஎம்ஐ வழியே ஒரு கருவி இன்னொன்றை இயக்கும் வசதி) செய்கிற சேட்டை, கன்சோலில் மட்டும் அணைத்துவிட்டேன்.

போன வாரம் அந்த நண்பர் வந்திருந்தார். ரிசீவரை அலமாரியிலிருந்து இழுக்காமலே பின்பக்கத்தைக் காட்டினேன், போனில். எந்த ஒயர் எங்கே போகிறது என்று சீட்டு ஒட்டி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் எடுத்தது, பதினோரு படம் இருக்கிறது. நான்காவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சரவுண்டை ஏன் பேக்ல மாட்டிருக்க?" என்றார். அது பழைய படம் என்றேன்.